பில் யார் கட்டுவது? சாவியை வாங்குமுன் கேளுங்கள்!



வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் "வீடு போய்விட்டது" என்பார்கள். "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்திலேயே போட்டவர்களும் இந்நாட்டில் உண்டு. பத்து இடத்தில் கதவு சாத்தப்பட்டு, பதினோராவது இடத்தில் ஒருவர் சாவியைக் காட்டினால் நாம் என்ன செய்கிறோம்? கிடைத்ததே போதும் என்று, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

வினையே அந்தத் தாளில்தான் இருக்கிறது!

நாம் எரிக்கும் மின்சாரத்துக்கும் பிடிக்கும் தண்ணீருக்கும் நாம் கட்டுவது நியாயம். ஆனால் நில வரியும் மதிப்பீட்டு வரியும் வீட்டுக்காரர் பொறுப்பு. அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணமும் அப்படித்தான். 2013-ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம் அதை உரிமையாளரிடம்தான் கேட்கிறது. ஒப்பந்தத்தில் அதை நம் தலையில் எழுதினால், அது மறைமுக வாடகை உயர்வு! இண்டா வாட்டர் கட்டணம் யாருக்கு? முன்பு இருந்தவர் வைத்துப்போன பாக்கி யாருக்கு? எழுதாமல் விட்டால் பிறகு எளியவன்தான் கட்டுவான்.

கணக்கைப் பாருங்கள். வாடகை 600 வெள்ளி என்றால், வழக்கப்படி இரண்டு மாத முன்பணம் 1,200, பில்லுக்கான முன்பணம் அரை மாதம் 300, முதல் மாத வாடகை 600. மொத்தம் 2,100 வெள்ளி! அடகுக் கடையில் தாலிக்கொடியை வைத்துப் புரட்டிய பணம். வீட்டைக் காலி செய்யும்போது "பில் பாக்கி" என்ற ஒரே சொல்லில் அது கரையலாமா?

ஆகவே இன்றே செய்யுங்கள். எந்த பில் யாருடையது என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். குடிபோகும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் மீட்டரைப் படம் பிடியுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுங்கள். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. 5,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் தொடுக்கலாம்.

மின்சாரத்தை வெட்டிக் குடும்பத்தை விரட்டப் பார்க்கிறார்களா? நீதிமன்ற ஆணை இல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்கிறது 1950-ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டம். பயப்படாதீர்கள்!

நம் பக்கத்தையும் பேசுவோம். பில்லைக் கட்டாமல் இரவோடு இரவாகக் காலி செய்பவர், தனக்குப் பின்னால் வரும் தமிழனுக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். ரசீதே கொடுக்காமல் அறை வாடகை வாங்கும் தமிழ் வீட்டுக்காரரும் நம்மைத்தான் சுரண்டுகிறார். இரண்டும் தவறு!

வீடு கொடுப்பது பிச்சை அல்ல. நாம் காசு கொடுத்துக் குடியிருக்கிறோம். கேட்பது நம் உரிமை. கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்!