வாங்க மறுக்கும் வாடகை

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் போன்ற ஊரில் வாடகைக்கு இருப்பவரை வீட்டுக்காரர் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. மோட்டார் போட மறந்துபோவார். மாடிப்படி விளக்கு எரியாது. கடைசியில், நீட்டிய வாடகையையே வாங்கமாட்டார்: “இருக்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்.” தொல்லைகளிலேயே விவரமானது இதுதான். மாதங்கள் இரண்டு இப்படி ஓடினால் ‘வாடகை பாக்கி’ என்று நோட்டீஸ் வரும். வீட்டைக் காலி செய்யவைக்கச் சட்டம் ஏற்கும் காரணங்களில் பாக்கியும் ஒன்று.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு விடை உண்டு. வாங்க மறுத்தால் தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டரில் அனுப்பலாம். அப்போதும் வாங்காவிட்டால், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் கட்டிவிடலாம். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தினால் 20-ஆம் பிரிவின்படி அவரே இடைக்கால உத்தரவு போடலாம். ‘இது சிவில் மேட்டர்’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுபவர்களில் எத்தனை பேருக்கு இந்த வாசல் தெரியும்?

தெரிந்தாலும் எல்லோருக்கும் அது திறக்காது. சட்டம் நகர்ப்புறத்துக்கு உரியது. நாசரேத் பேரூராட்சி என்பதால் உள்ளே வருகிறது. எல்லை தாண்டி ஊராட்சிக்குள் குடியிருப்பவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான் கதி. மிஷன் பள்ளியும் மருத்துவமனையும் வளர்த்த இந்த ஊரில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத, அறநிறுவனங்களின் கட்டடங்களைப் பழைய சட்டத்திலிருந்து 1976-ஆம் ஆண்டு அரசாணை ஒன்று விலக்கியது. அப்படி விலக்களிக்கப் புதிய சட்டத்திலும் இடம் இருக்கிறது.

ஆனால் பெரிய ஓட்டை வேறு. எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யச் சொல்லும் அதே சட்டம், ஒப்பந்தம் இல்லாததையே காலி செய்யவைக்க ஒரு காரணமாகவும் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் போடாதது இருவரும். வீட்டை இழப்பது ஒருவர். ‘தெரிஞ்சவங்கதானே, எழுத்து எதுக்கு’ என்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் வாயிலிருந்து வருவது. வேறு வீடு கிடைக்காத குடும்பம் அதை மறுத்துப் பேசுமா? ஒத்திக்கு இருப்பவர் நிலைமை இன்னும் மோசம். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது சட்டம். மாத வாடகையே இல்லாத ஒத்தியில் எதை மூன்றால் பெருக்குவது? மொத்தப் பணமும் வீட்டுக்காரர் கையில் முடங்கியிருக்க, தண்ணீர் வரவில்லை என்று குரல் உயர்த்தவும் பயம்.

ஒப்பந்தம் போட மறுத்த வீட்டுக்காரர், அது இல்லை என்ற காரணத்தைக் காட்ட முடியாதபடி சட்டத்தைத் திருத்த வேண்டும். வீட்டுவரி கட்டும் பேரூராட்சி அலுவலகத்திலேயே ஒப்பந்தத்தைப் பதியவும் வழி செய்யலாம். அதுவரை வாடகையைக் கையில் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்புவது நல்லது. வீட்டுக்காரர் அதைத் திருப்பி அனுப்பினால், வாங்க மறுத்ததற்கு அவரே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி.