திறமையை நாடாவால் அளக்கலாம். முதிர்ச்சியை எதனால் அளப்பது?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அமைப்பான என்.பி.ஏ., ஆண்டுதோறும் ஜூன் மாதப் பிற்பகுதியில் தனது 30 கழகங்களுக்கான புதிய வீரர்களைத் தெரிவு செய்து வருகிறது. 2025 ஆம் ஆண்டுத் தெரிவில் முதலாமிடத்தைப் பெற்று டலஸ் மாவெரிக்ஸ் கழகத்தில் இணைந்த கூப்பர் ஃப்ளாக் என்னும் இளைஞருக்கு அப்போது வயது 18. டியூக் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடியது ஒரேயொரு பருவம் மாத்திரமே. பதினெட்டு வயது இளைஞர் ஒருவரின் அடுத்த பதினைந்து வருடங்களை இன்றே கணித்துச் சொல்ல முடியுமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. எனினும், அதற்கு அளிக்கப்படும் பதில் பெரும்பாலும் அவசரப் பதிலாகவே அமைந்துவிடுகிறது.

இவ்விடயத்தில் மூன்று அம்சங்களை நாம் வேறுபடுத்தி நோக்க வேண்டியுள்ளது. உயரம், கரங்களின் வீச்சு, பாயும் ஆற்றல் என்பன இயற்கை அளித்த கொடை. பந்தைக் கையாளுதல், குறி தவறாது எறிதல், எதிரணியின் நகர்வை முன்கூட்டியே உணர்தல் என்பன பயிற்சியால் வரும் திறன். தோல்வியிலும் புகழிலும் நிதானம் இழவாமை, பயிற்றுநரின் கண்டிப்பை ஏற்றல், தன் குறையைத் தானே அறிதல் என்பன முதிர்ச்சி. முதலாவதை நாடாவும் கடிகாரமும் கொண்டு அளந்துவிடலாம். இரண்டாவதைப் புள்ளிவிபரங்கள் ஓரளவுக்குக் காட்டும். மூன்றாவதை அளப்பதற்கோ காலத்தைத் தவிர வேறு கருவி இல்லை.

அளவுகள் எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடியவை என்பதற்கு 2007 ஆம் ஆண்டு நல்லதோர் உதாரணமாகும். தெரிவுக்கு முந்திய உடற்பரிசோதனையின்போது டெக்சாஸ் பல்கலைக்கழக வீரரான கெவின் டுராண்ட் 185 இறாத்தல் பாரத்தை ஒரு தடவையேனும் தூக்க முடியாது தவித்தார். அவ்வாண்டு முதலாமிடம் பேருருவம் கொண்ட கிரெக் ஓடனுக்கும் இரண்டாமிடம் டுராண்டுக்கும் கிடைத்தன. ஓடனின் ஆட்ட வாழ்வை முழங்கால் காயங்கள் இடையிலேயே முடித்துவைத்தன. டுராண்டோ 2014 இல் என்.பி.ஏ.யின் அதிசிறந்த வீரராகத் தெரிவானார். பாரம் தூக்கும் வலிமை பின்னர் தேடிக்கொள்ளத்தக்கது என்பதை அன்றைய அளவுகோல் கணக்கிற் கொள்ளவில்லை.

புள்ளிவிபரங்களையும் எச்சரிக்கையுடனேயே வாசிக்க வேண்டும். பல்கலைக்கழக ஆட்டம் 40 நிமிடங்களைக் கொண்டது. தொழில்முறை ஆட்டம் 48 நிமிடங்கள். பின்னதில் மூன்று புள்ளிக் கோடு மேலும் பின்தள்ளி வரையப்பட்டிருக்கிறது; எறிவதற்கான அவகாசமும் 30 விநாடிகளிலிருந்து 24 விநாடிகளாகக் குறைகிறது. அத்துடன், 22 வயது வீரர் 18 வயதினருக்கு எதிராகக் குவிக்கும் புள்ளிகளும், 18 வயது வீரர் 22 வயதினருக்கு எதிராகப் பெறும் அதே புள்ளிகளும் ஒன்றாகிவிட மாட்டா. எவரும் மறிக்காத நிலையில் எறியப்படும் 'ஃப்ரீ த்ரோ'வில் ஒருவர் காட்டும் துல்லியத்தை, அவர் பிற்காலத்தில் சிறந்த எறிவாளராக வருவாரா என்பதற்கான நம்பகமான அறிகுறிகளுள் ஒன்றாக ஆய்வாளர்கள் கொள்வதும் இதனாற்றான். ஆரவாரமான காட்சிகளைவிட இத்தகைய அமைதியான அறிகுறிகளே உண்மையை அதிகம் பேசுகின்றன.

முதிர்ச்சி விடயத்தில் என்.பி.ஏ. கண்ட தீர்வு வயதெல்லையாகும். 1995 இல் கெவின் கார்னெட், 1996 இல் கோபி பிரையன்ட், 2003 இல் லெப்ரோன் ஜேம்ஸ் ஆகியோர் உயர்நிலைப் பாடசாலையிலிருந்து நேரடியாக வந்து சாதனை படைத்தனர். மறுபுறத்தில், 2001 இல் அவ்வாறே வந்து முதலாமிடத்தில் தெரிவான குவாமி பிரவுன், பல வருடங்கள் ஆடியபோதிலும் தன்மீது சுமத்தப்பட்ட எதிர்பார்ப்பை நிறைவேற்ற முடியாது கேலிக்குள்ளானார். 2005 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம், தெரிவு நடைபெறும் ஆண்டுக்குள் 19 வயது நிறைவும், பாடசாலையை விட்டு ஒரு வருட இடைவெளியும் கட்டாயமாக்கப்பட்டன. இதன் விளைவாக, பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் மாத்திரம் தங்கிச் செல்லும் வழக்கம் தோன்றியது. ஆனால், அந்த ஒரு வருடத்தை முடித்துக்கொண்டு வந்து 2013 இல் முதலாமிடத்தில் தெரிவான அன்டனி பெனட், நான்கு பருவங்களின் பின்னர் என்.பி.ஏ.யில் இடமின்றிப் போனார். சட்டம் வயதை அளந்ததேயன்றி முதிர்ச்சியை அளக்கவில்லை.

இதற்கு மாறான அனுபவங்களும் உண்டு. கரீபியன் தீவொன்றிலிருந்து வந்த டிம் டங்கன், தாய்க்கு அளித்த வாக்கைக் காப்பாற்றும் பொருட்டு வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் கற்றுப் பட்டம் பெற்ற பின்னரே 1997 இல் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றார். ஐந்து சம்பியன் பட்டங்கள் அவரைத் தேடி வந்தன. மெலிந்த உடல்வாகு காரணமாகப் பெரிய பல்கலைக்கழகங்கள் பொருட்படுத்தாத ஸ்டீபன் கரி, டேவிட்சன் என்னும் சிறிய கல்லூரியில் மூன்று ஆண்டுகள் தன்னைச் செதுக்கிக்கொண்டார். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பதின்ம வயதின் நடுப்பகுதியிலேயே முதன்முதலாகக் கூடைப்பந்தைத் தொட்ட ஹகீம் ஒலாஜுவான், 1980 இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அங்கு ஆட்ட நுணுக்கங்களை அடிப்படையிலிருந்து கற்க வேண்டியிருந்தது. 1984 ஆம் ஆண்டுத் தெரிவில் மைக்கல் ஜோர்டானுக்கும் முன்பாக முதலாமிடம் பெற்றவர் அவரே. பின்னாளில் ரமழான் நோன்பை நோற்றவாறே ஆடி, 1995 பெப்ரவரியில் அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். அத்தகைய மனவுறுதியை எந்தப் பரிசோதனைக் கூடத்தில் அளந்திருக்க முடியும்?

மதிப்பிடுவோரின் மனச்சாய்வையும் நாம் மறந்துவிடலாகாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய, தாய்வான் வம்சாவளியினரான ஜெரமி லின்னை 2010 ஆம் ஆண்டுத் தெரிவில் எந்தவொரு கழகமும் ஏற்கவில்லை. 2012 பெப்ரவரியில் நியூயோர்க் அணிக்காக அவர் ஆடிய ஆட்டம் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆசியர் என்பதாலேயே அவரது உடல்வேகம் குறைத்து மதிப்பிடப்பட்டது என்பதை ஹூஸ்டன் கழகத்தின் அப்போதைய முகாமையாளர் டரில் மோரி பின்னர் ஒப்புக்கொண்டார். கண் முன்னே இருந்த திறமையை முன்முடிவு மறைத்துவிட்டது. சிறுபான்மையினராக வாழும் எவருக்கும் இந்த அனுபவம் அந்நியமானதல்ல.

இப்போது இக்களத்தில் பணமும் நுழைந்துள்ளது. 2021 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய ஏகமனதான தீர்ப்பைத் தொடர்ந்து, பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ., வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் கொண்டு வருமானம் ஈட்ட அனுமதித்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கப்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாம் ஆண்டில் சகல விளையாட்டு வீரர்களுக்குமாகச் சுமார் 20.5 மில்லியன் டொலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். பல கோடி டொலர் வருமானத்தை உழைத்துக் கொடுத்தவர்களுக்கு அதில் பங்கில்லை என்றிருந்த நீண்டகால அநீதி இதனால் ஓரளவு நீங்கியுள்ளது. 2021 இல் 350 ஐத் தாண்டியிருந்த, கல்வி முடியுமுன் தெரிவுக்கு விண்ணப்பித்தோரின் தொகை 2025 இல் 106 ஆகக் குறைந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வழங்கப்பட்ட மேலதிக ஆண்டு முடிவுற்றமையும் இதற்கொரு காரணமாயினும், பல்கலைக்கழகத்திலேயே வருமானம் கிடைப்பது பலரைத் தங்கவைக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இதில் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. தடையின்றிப் பல்கலைக்கழகம் மாறும் வாய்ப்புக் கிட்டியுள்ளதால், நான்கு ஆண்டுகளில் மூன்று நான்கு இடங்களில் ஆடும் வீரர்கள் பெருகி வருகின்றனர். ஓரிளைஞரின் குறைகளை அறிந்து, பொறுமையுடன் திருத்தி, அவர் வளர்வதைக் காணும் பயிற்றுநர் அவருக்குக் கிடைப்பது அரிதாகி வருகிறது. மாணவனை வளர்த்த குருவின் இடத்தைக் கூலி பேசும் முதலாளி பிடித்துக்கொண்டால், முதிர்ச்சியைக் காண்பதற்கான கண்ணே இல்லாது போய்விடும்.

முதல் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகங்கள் சுமார் 360. அவற்றின் வீரர்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர். என்.பி.ஏ. தெரிவிலோ ஆண்டுக்கு அறுபது இடங்களே உள்ளன. அவற்றிலும் கணிசமானவை வெளிநாட்டு வீரர்களுக்குச் செல்கின்றன. ஆக, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் அளவில் என்.பி.ஏ.க்கு வெளியேயே வாழ்வை அமைத்துக்கொள்ள வேண்டியவர்கள். இன்றைய மதிப்பீட்டு முறைகள் யாவும் எஞ்சிய இரண்டு பேரைக் கண்டுபிடிப்பதற்காகவே வகுக்கப்பட்டுள்ளன.

இது எங்கோ தொலைவில் நடக்கும் விளையாட்டு விவகாரம் என்று எமது வாசகர்கள் கருதலாம். எனினும், பதினெட்டு வயதில் ஒருவரை அளந்து, தரம் பிரித்து, ஒதுக்கிவிடும் பழக்கம் விளையாட்டரங்குகளுக்கு மாத்திரம் உரியதல்ல. இளைஞரின் இன்றைய நிலையை அளக்கும் எவரும், அவர் நாளை எதுவாக வளரக்கூடும் என்பதற்கும் இடம்விட்டே தீர்ப்பளிக்க வேண்டும். தெரிவு செய்யப்படாதவருக்கும் கையில் ஒரு பட்டமும் மனதில் தன்னம்பிக்கையும் எஞ்சியிருக்கச் செய்வது பல்கலைக்கழகங்களின் கடமையாகும். அக்கடமையில் அவை தவறுமாயின், எத்தனை மில்லியன் டொலர் பகிரப்பட்டாலும் அது அந்த இளைஞர்களுக்குச் செய்யப்படும் நியாயமாக அமைய மாட்டாது.