எதிர் வீட்டு அஷ்டமி

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் தென்காசி வீதிகளுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்துவிடும். அத்தகைய ஓர் ஆவணி மாலையில், சில ஆண்டுகளுக்கு முன், நமது நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். வாசற்படியிலிருந்து பூஜை அறை வரையில் மாக்கோலத்தில் சின்னஞ்சிறு பாதங்கள் நடந்து சென்றிருந்தன. அடுப்பங்கரையிலிருந்து சீடையின் மணம் வந்துகொண்டிருந்தது. கண்ணன் பிறந்த நாள்!

ஆனால் எதிர் வீட்டு வாசலில் ஒரு சுவட்டையும் காணோம். விசாரித்ததில், அவர்களுக்கு மறுநாள்தான் ஜயந்தி என்று தெரிந்தது. நண்பர் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம்; எதிர் வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம். அஷ்டமி முடியும் நேரத்தில் இரண்டுக்கும் பல நாழிகை வித்தியாசம்.

நண்பரின் மகன் கல்லூரியில் பௌதிகம் படிப்பவன். அவன் சும்மா இருப்பானா?

"வானத்தில் இருப்பது ஒரே சந்திரன்தானே, தாத்தா? ஒரு தெருவுக்கு இரண்டு அஷ்டமி எப்படி வரும்? நாழிகைக் கணக்கெல்லாம் வெறும் கட்டுக்கதை" என்றான்.

"ஏலே, நம் பெரியோர்கள் இமைப்பொழுதையே மூவாயிரமாகப் பிரித்தவர்கள். உன் கடிகாரக்காரர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்?" என்று பெரியவர் சீறினார்.

இருவரும் நம்மை நோக்கித் திரும்பினார்கள். "வாத்தியார் ஐயா, நீங்களே சொல்லுங்கள்" என்று தீர்ப்பை நம் தலையில் சுமத்தினார்கள். இன்னும் நைவேத்தியம் ஆகாத சீடையைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்த நமக்கு அது பெரும் சோதனைதான். அன்று தட்டுத் தடுமாறிச் சொன்னதைப் பின்னர் ஆற அமர யோசித்து, நேயர்களுக்கு இங்கே சமர்ப்பிக்கிறோம்.

முதலில் பேரனுடைய வாதத்தைப் பார்ப்போம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு விநாழிகைக்கு 60 தற்பரை. ஆகவே நாழிகை என்பது 24 நிமிஷம். விநாழிகை 24 ஸெகண்டு. அடியில் சிறு துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்க விட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தைக் கொண்டு நாழிகையை அளந்தார்கள். இதில் கட்டுக்கதை எங்கே இருக்கிறது?

விநாழிகையை ஆறாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு பிராணன். ஆரோக்கியமான மனிதன் ஒரு முறை மூச்சு விட்டு வாங்கும் நேரம் அது. நமது கடிகாரத்தில் 4 ஸெகண்டு. ஒரு நாளுக்கு 21,600 பிராணன். வட்டத்துக்கு 360 பாகை. பாகைக்கு 60 கலை. ஆக வட்டத்துக்கும் 21,600 கலை! இந்த ஒற்றுமை தற்செயலாக அமைந்ததன்று. ஒரு பிராணனில் பூமி ஒரு கலை சுழல்கிறது என்று கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபடர் எழுதிவைத்தார். வான வட்டத்தையும் மனிதனுடைய மூச்சையும் ஒரே எண்ணால் அளந்த அழகை என்னென்பது! 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகா யுகத்தில் பூமி 158,22,37,500 முறை சுழல்கிறது என்பது அவர் கணக்கு. அதைக் கொண்டு, நட்சத்திரங்களை நோக்கப் பூமி ஒரு முறை சுழலும் காலத்தைக் கணக்கிட்டால் 23 மணி 56 நிமிஷம் 4 ஸெகண்டு வருகிறது. இன்றைய வானநூலார் கூறுவதும் அதுவே. ஒரு ஸெகண்டு கூடப் பிசகவில்லை.

பேரன் நம்பிய கடிகாரமோ வேறொரு கதை சொல்லும். இந்தியா முழுவதும் உள்ள கடிகாரங்கள் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை ஒட்டி ஓடுகின்றன. தென்காசியோ ஏறக்குறைய 77¼ பாகையில் இருக்கிறது. ஆகையால் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாகப் பன்னிரண்டு மணி இருபத்தொரு நிமிஷம் காட்டும். கடிகாரமும் மனிதர் செய்துகொண்ட ஓர் ஏற்பாடுதான்.

இனிப் பெரியவருடைய வாதம். பாஸ்கராசாரியர் 1150-ல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் இமைப்பொழுதை 3,000 கூறாக்கிய 'துருடி' என்ற அளவு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் துருடியை எந்த வட்டிலும் அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. அது வகுத்தலால் வந்த பெயர். பெயரிட்ட நுண்ணறிவை மெச்சலாம். அளந்துவிட்டதாகப் பெருமை பேசுவது நம் முன்னோர் கேளாத புகழ்ச்சி. அவர்களுடைய உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு எதிர் வீட்டு அஷ்டமியே போதும்.

திதி என்பது சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம். சந்திரனுடைய நடை சீரானதன்று. ஒரு சமயம் விரையும், ஒரு சமயம் தளரும். 248 நாட்களில் அது இந்த விரைவையும் தளர்ச்சியையும் ஏறத்தாழச் சரியாக ஒன்பது முறை கடந்துவிடுகிறது. அதைக் கண்ட நம்மவர்கள், நாளுக்கு ஒன்றாக 248 சிறு வாக்கியங்களை இயற்றினார்கள். எழுத்துக்களே எண்கள், மனப்பாடமே புஸ்தகம். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் வந்தது இதனால்தான்.

1825-ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்ற துரை சென்னையில் 'கால சங்கலிதம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் அவர் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடங்களைச் சொல்லிக்கொண்டே அவ்வாண்டு மே மாதக் கடைசி இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணத் தொடக்கத்தில் அவர் கணக்கு 4 நிமிஷந்தான் தவறியது. முடிவில் 52 நிமிஷம், அதாவது இரண்டு நாழிகைக்குச் சற்று அதிகம் தவறியது. ஒரு காகிதமும் இன்றிச் செய்த கணக்கு இது!

கிரகணத்தில் இவ்வளவு நெருங்கி வரும் கணக்கு, அஷ்டமியில் மட்டும் பன்னிரண்டு நாழிகை வரையில் விலகக் கூடும். ஏன்?

சூரியனுடைய இழுப்பினால் சந்திரன் நடையில் மற்றொரு கோணலும் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அது முதற் கோணலுடன் கலந்து மறைந்துகிடக்கும். இரண்டுக்குமாகச் சேர்த்து ஐந்து பாகைக்கு ஒரே திருத்தம் போட்டால் போதும். அரைச் சந்திரன் காணும் அஷ்டமியை ஒட்டியோ, அந்தத் திருத்தம் ஏழரைப் பாகை வரையில் வேண்டியிருக்கும். பழைய வாக்கியங்களில் இருப்பது ஐந்து பாகைத் திருத்தந்தான். ஏனெனில் அவை கிரகணங்களை வைத்துச் சரிபார்க்கப்பட்டவை. கிரகணம் பிடித்த கணத்தை வெறுங் கண்ணாலேயே சில நிமிஷங்களுக்குள் கூறிவிடலாம். சந்திரன் சரிபாதியான கணத்தை அப்படிக் கண்ணால் கூற யாரால் முடியும்?

ஆகவே நம் முன்னோர் எங்கே வானத்தைப் பார்த்துச் சோதித்தார்களோ, அங்கே வென்றிருக்கிறார்கள். எங்கே சோதிக்க வழியில்லையோ, அங்கே பின்தங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பெருமை அந்தச் சோதனையில்தான் இருக்கிறது.

அவர்களும் பழையதை அப்படியே காப்பாற்றிக்கொண்டு இருந்துவிடவில்லை. மறைந்திருந்த அந்த இரண்டாவது கோணலுக்குப் பத்தாம் நூற்றாண்டிலேயே முஞ்சாலர் என்பவர் ஒரு திருத்தம் கூறினார். குற்றால மலைக்கு அப்பால், மலையாள நாட்டில், பரமேசுவரர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு கண்ணுக்கு ஒத்துவராததைக் கண்டு, 1431-ல் 'திருக்கணிதம்' என்றே பெயரிட்டு நூல் செய்தார். 'திருக்' என்றால் கண், பார்வை. பராக்கிரம பாண்டியன் நமது தென்காசி விசுவநாதர் ஆலயத்தைக் கட்டத் தொடங்கியதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த செய்தி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்த அதே தொலைநோக்கிப் பயிற்சியுடன், கண்ணுக்கு ஒத்த பஞ்சாங்கம் வேண்டுமென்று பாடுபட்டார். 1952-ல் சுதந்திர இந்தியா மேகநாத சாஹாவின் தலைமையில் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு செய்ததும் இதே பணிதான்.

அப்படியானால் எந்த வீட்டில் கண்ணன் பிறந்தான் என்று கேட்பீர்கள். இரண்டு வீட்டிலுந்தான்! எந்த நாளில் வெண்ணெய் வைத்தாலும் அவன் வேண்டாம் என்று சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை. வழிபாட்டு நாளை அவரவர் குடும்ப மரபு தீர்மானிக்கட்டும். ஆனால் சந்திரன் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மரபு விடை சொல்ல முடியாது. வானந்தான் விடை சொல்ல வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பெரியவர் அன்று ஒன்றும் பேசவில்லை. பேரனும் பேசவில்லை. நமது தீர்ப்பு இரு தரப்புக்கும் பிடிக்கவில்லை என்று எண்ணிச் சீடையைப் பெற்றுக்கொண்டு திரும்பினோம்.

2025 செப்டம்பர் 7-ஆம் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தது. பத்து மணி சுமாருக்கு நண்பர் வீட்டுப் பக்கம் சென்ற நாம், மொட்டை மாடியில் பேச்சுக் குரல் கேட்டு ஏறிப் பார்த்தோம். பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பேரன் கைக்கடிகாரத்துடன் அருகில் நின்றான். மேகம் மூடுவதும் விலகுவதுமாக இருந்தது.

"ஒன்பது ஐம்பத்தேழுக்குப் பிடித்தது, தாத்தா" என்றான் பேரன்.

"மலை மறைப்பதால் நம் ஊரில் அஸ்தமனத்தைக் கண்ணால் நம்பக் கூடாது, லே. ஆறே காலும் பத்து நிமிஷமும் என்று வைத்துக்கொள். அஸ்தமித்து ஒன்பது நாழிகைக்குச் சற்றுக் குறைய ஆகிறது. எழுதிக்கொள்."

பேரன் எழுதினான். எதில் எழுதினான் தெரியுமா? தாத்தாவின் வாக்கியப் பஞ்சாங்கத்தில், அந்தத் தேதிக்கு நேரே இருந்த ஓரத்தில், பென்ஸிலால் எழுதினான்.