எந்தத் தோட்டத்துத் தேன்?

தேன் பாட்டிலின் அடியில் வெள்ளையாக உறைந்து கிடந்தால் நம் வீடுகளில் உடனே சொல்லிவிடுவார்கள், சீனிப்பாகு கலந்தது என்று. கடைக்காரரிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு, கீழே கொட்டுபவர்களும் உண்டு. குமரி மாவட்டத்துத் தேனைப் பொறுத்தவரை இது நல்ல சரக்கைத் தள்ளிவைக்கும் தீர்ப்பு. மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை, பத்துகாணி பக்கங்களில் எடுக்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தேன். அதில் குளுக்கோஸ் கூடுதல். அதனால் சீக்கிரமே உறைந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்தால் இளகிப் பழையபடி ஆகும். தொழிற்சாலைப் பாகையோ மாதக்கணக்கில் உறையாதபடியே தயாரிக்க முடியும். உணவில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குக் கண்ணையும் நாக்கையும் நம்பி விடை தேடினால் இப்படித்தான் ஏமாறுவோம். அது எங்கே, எப்போது, எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு வேண்டும். அதற்கான வாதத்தைத் தேனை வைத்தே சொல்லலாம்.

ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்த்துத் தளிர்விடுகிறது. மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேருமிடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. தளிர்ப் பருவத்தில் அவற்றில் இனிப்பு நீர் ஊறும். தேனீ எடுப்பது அதைத்தான். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது தேன் பெட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்; லேபிளில் பூப்படம் பார்த்து வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. இந்தத் தொழிலுக்கு இங்கே நூறாண்டு வரலாறு இருக்கிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் தொடங்கிய கிராமப் புனரமைப்பு மையம்தான் பெட்டியில் தேனீ வளர்க்கும் முறையை இப்பகுதி விவசாயிகளிடம் பரப்பியது. 1937-இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 1991-ஐ ஒட்டித் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி இந்தியத் தேனீயின் பெரும்பாலான கூடுகளை அழித்தது. அதிலிருந்து மீண்டு எழுந்த தொழில் இது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு பேர்பெற்ற ஒரு பொருளை உள்ளூரிலேயே தண்ணீர்க் குவளையில் சொட்டுவிட்டுச் சோதிக்கிறோம்.

அந்தச் சோதனைகள் என்ன சொல்கின்றன? தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்கவேண்டும், திரியில் தொட்டுப் பற்றவைத்தால் எரியவேண்டும், தாளில் வைத்தால் ஊறக்கூடாது, எறும்பு மொய்க்கக்கூடாது. முதல் மூன்றும் காட்டுவது ஒன்றையேதான்: எவ்வளவு ஈரம் இருக்கிறது, எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை. தண்ணீராக இருக்கும் சீனிக்கரைசலைக் கலந்திருந்தால் குவளைச் சோதனை காட்டிக்கொடுக்கலாம். அந்த அளவுக்கு அது பயன்படும். கெட்டியான பாகு கலந்திருந்தால் அது கல் போல அடியில் போய் உட்காரும். நம் ஊர் இந்தியத் தேனீயின் தேனில் இயல்பாகவே ஈரம் கூடுதல் என்பதால், பெட்டியிலிருந்து எடுத்த சுத்தமான தேன் சட்டென்று கரைந்து தோற்றும் போகும். எறும்புக் கதைக்கு ஆதாரமே கிடையாது. இனிப்பு இருக்குமிடத்துக்கு எறும்பு வரும், அது தேனானாலும் சரி.

வீட்டுச் சோதனையின் வரம்பு இது. ஆய்வகச் சோதனைக்கும் வரம்பு இருந்தது என்பது 2020 டிசம்பரில் தெரிந்தது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்கும் 13 பிராண்டுகளின் 22 மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பியது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை ஐந்து மட்டுமே. வழக்கமான ஆய்வகச் சோதனைக்கு வரம்பு இருந்ததன் காரணம் எளிதானது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஒரு வழியில் பயன்படுத்துகின்றன. தேனீ நாடும் பெரும்பாலான செடிகளும் மரங்களும் வேறு வழியில் பயன்படுத்துகின்றன. ஆகவே கரும்புச் சீனி கலந்தால் அதிலுள்ள கார்பனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நெல்லும் சர்க்கரைக் கிழங்கும் தேனீ நாடும் செடிகளின் வகையைச் சேர்ந்தவை. அரிசிப் பாகு கலந்தால் அந்தச் சோதனை ஏமாந்துபோகும். சோதனைகளைத் தாண்டுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட பாகை அந்த மையம் வாங்கி, சுத்தமான தேனில் கால் பங்கும் அரைப் பங்கும் கலந்து அனுப்பிப் பார்த்தது. இந்திய விதிகளின்படியான சோதனைகளில் அந்தக் கலவை தேறிவிட்டது. பாதி பாகு, பாதி தேன். சான்றிதழோ சுத்தம் என்றது.

நிறுவனங்கள் இதை மறுத்தன. நாங்கள் நாட்டின் சட்டம் கேட்ட எல்லாச் சோதனையிலும் தேறியிருக்கிறோம் என்றன. அவை சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் கவலை இன்னும் கூடுகிறது, குறை சட்டம் கேட்ட சோதனையிலேயே இருக்கிறது என்றாகிறது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு 2020 ஆகஸ்டிலிருந்து என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனை கட்டாயமானது. உள்நாட்டில் விற்கும் தேனுக்கு அந்தக் கட்டாயம் அப்போது இல்லை. வெளிநாட்டுக்காரர் மேசைக்கு ஒரு அளவுகோல், நம் அடுக்களைக்கு ஒரு அளவுகோல் என்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. அதே சமயம் என்.எம்.ஆர். தவறே செய்யாதது என்று நம்புவதும் சரியல்ல. உண்மையான தேன் மாதிரிகளின் தரவுத் தொகுப்போடு ஒப்பிட்டே அது முடிவு சொல்கிறது. அந்தத் தொகுப்பில் நம் ரப்பர் தேனும் இந்தியத் தேனீயின் தேனும் போதுமான அளவு இல்லையென்றால், நல்ல தேனே சந்தேகத்துக்கு உள்ளாகலாம். கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஊரும் பருவமும் தெரிந்த மாதிரி அதற்கு வேண்டும்.

தெரிந்த ஆளிடம் வாங்கினால் போதுமே என்பார்கள். குமரி மாவட்டத்தில் அது நடைமுறைக்கு ஒத்த யோசனைதான். பல குடும்பங்கள் அப்படித்தான் வாங்குகின்றன. ஆனால் மழைக்காலத்தில் மதுநீர் கிடைக்காமல் தேனீக்கள் பட்டினி கிடக்கும்போது சீனிக்கரைசல் வைத்துத்தான் அவற்றைக் காப்பாற்றுகிறார்கள். அதில் தவறில்லை. அந்தச் சீனி முழுக்கத் தீர்ந்து, தளிர்க்காலத்து மதுநீர் நிறைந்த பிறகுதான் தேன் எடுக்கிறார்களா என்பதே கேள்வி. நம்பிக்கைக்குரிய மனிதரிடமும் மாதத்தைக் கேட்டால்தான் இது தெரியும். தவிர, சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு அருமனையில் தெரிந்த ஆள் எங்கே? அவருக்கு அந்த இடத்தில் லேபிள்தான் பேச வேண்டும்.

சீனிப்பாகு விஷமா என்ன, இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். விஷமில்லை என்பது சரி. இருமலுக்கும் மருந்துக்கும் என்று தேனின் விலை கொடுத்துச் சீனி வாங்கும் நோயாளியின் நட்டத்தை ஒருபுறம் வையுங்கள். பாகின் விலைக்கு இறங்கிப் போட்டிபோட முடியாத தேனீ வளர்ப்பவர் பெட்டிகளைக் கைவிடுகிறார். பெட்டிகள் குறைந்தால் சுற்றியுள்ள தோப்புகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் மகரந்தச் சேர்க்கைக்கு வரும் தேனீக்களும் குறைகின்றன. கலப்படத்தின் சுமையைக் கடைசியில் தாங்குவது ஒரு பெட்டிக்குச் சில கிலோ தேன் எடுக்கும் சிறு விவசாயிதான். ஆகவே அவர் மீதே சோதனைச் செலவைச் சுமத்தக்கூடாது என்ற மறுப்பை முழுமனதாக ஏற்கிறேன். பல இடத்துத் தேனை வாங்கிக் கலந்து பாட்டிலில் அடைப்பவரிடம்தான் கணக்குக் கேட்கவேண்டும். பெட்டிக்காரருக்குச் சங்கத்தின் வழியாக அரசுச் செலவில் சோதனை செய்து தரவேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. கலவைத் தேனில் எந்தெந்த நாட்டுத் தேன் எத்தனை விழுக்காடு என்று லேபிளில் அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் விதி செய்தது. நம் நாட்டிலும் தேனின் பாதையைப் பின்தொடர 2021-இல் மதுக்ராந்தி என்ற இணையப் பதிவேட்டை ஒன்றிய அரசு தொடங்கியது. அந்தப் பதிவும் பாட்டிலின் லேபிளும் ஒன்றோடொன்று சேரவேண்டும். மார்த்தாண்டத்தில் சங்கம் இருக்கிறது, குறியீடு இருக்கிறது, தோட்டங்கள் அரசு ரப்பர் கழகத்தின் கையிலும் தனியார் கையிலும் தெளிவாக இருக்கின்றன. ரப்பர் தேனை ரப்பர் தேன் என்றே அச்சிட்டு, தோட்டம் இருக்கும் ஊரையும் எடுத்த மாதத்தையும் போட்டு விற்பதை இங்கிருந்தே தொடங்கலாம். பருவம்தோறும் தோட்டங்களில் நேரடியாக மாதிரி எடுத்து நம் தேனுக்கான தரவுத் தொகுப்பை உருவாக்கும் வேலையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கலாம். வாங்குபவரே கட்டணம் கட்டி உணவு மாதிரியைப் பகுப்பாய்வுக்கு அனுப்ப உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஒப்பிட நல்ல மாதிரித் தொகுப்பு இருந்தால்தான் அந்த உரிமைக்கு முழுப் பலன் கிடைக்கும்.

அடுத்த தளிர்க்காலத்துக்குள் இந்த மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டும். அதுவரை வாசகர்கள் தேன் வாங்கும்போது எந்த ஊர், எந்த மாதம், ரப்பரா வேறா என்று கேளுங்கள். பதில் சொல்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.