மனக்காயம் அறிந்த பராமரிப்பு: பயிற்சி யாருக்கு?

மனநலப் பணியாளர்களுக்கு ‘மனக்காயம் அறிந்த பராமரிப்பு’ குறித்த தொடக்கப் பயிற்சி அளிக்கப்படுவதை வரவேற்கிறோம். ஆயினும் அது மருத்துவர், உளவியலாளர் ஆகியோரோடு நின்றுவிடலாகாது என்பதே எங்கள் கருத்து.

வன்முறையாலோ விபத்தாலோ பேரிடராலோ மனம் காயமுற்றவருக்கு, உரத்த குரலும் கேளாமல் தொடும் கையும் அடைக்கப்படும் கதவும் பழைய அச்சத்தை மீண்டும் எழுப்பக்கூடும். மருத்துவரைக் காணுமுன் அவர் வாயிற்காவலர், பதிவு எழுத்தர், செவிலியர், வார்டு உதவியாளர் எனப் பலரை எதிர்கொள்கிறார். நேர்ந்த துயரை ஒவ்வொருவரிடமும் திரும்பக் கூற நேர்ந்தால், நலம் தேடி வந்த இடமே அவரை வருத்தும்.

நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியைத் தனித்து அடைத்து வைப்பதைத் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே உடலைக் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. தண்டனையாக அதனைச் செய்யலாகாது. அந்நிலை நேராதவாறு, கனிவாகப் பேசி அமைதிப்படுத்தும் முறையைப் பயிற்சியே கற்றுத்தர இயலும்.

தொடுமுன் தெரிவிக்கும்படியும், உறவினர் ஒருவர் உடனிருக்கும்படியும் நீங்கள் கேட்கலாம். விடையளிக்க இயலாத கேள்விக்கு ‘இன்று வேண்டாம்’ எனலாம். அச்சொல்லை மதிக்க, வாயிற்காவலர் முதல் மருத்துவர் வரை அனைவரும் பயிற்சி பெறவேண்டும்.