பாணன் வேஷம்னா இளப்பமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

வீரபாண்டித் திருவிழாவுக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். மொட்டைமாடியில் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் தாள், பென்சில், பகடையோடு உட்கார்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடினார்கள். 1974-ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஒருத்தர் கதை சொல்லிக்கொண்டு போவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தன் திருடன். என் மகள்வயிற்றுப் பேரன் எடுத்தது ‘பார்ட்’. நம் சொல்லில் பாணன்.

அதைக் கேட்டுப் பெரியவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “ராட்சசன் வந்தா தாலாட்டுப் பாடுவியாடா?” என்றார் ஒருவர். “ஆம்பளப் பிள்ளை வாளத் தூக்காம வீணையத் தூக்குறான்” என்றார் இன்னொருவர். பிள்ளை முகம் சுண்டிப்போனது. மறுநாள் வேஷத்தை மாற்றிக்கொண்டான். வந்த இடத்தில் மனஸ்தாபம் எதற்கு என்று அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். சிரித்தவர்கள் எல்லாரும் இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டின் கணக்கைப் பார்ப்போம். பேரனை உட்காரவைத்து விதிகளைக் கேட்டேன். பாணன் ஒரு தோழனுக்குத் தைரியம் கொடுத்தால், அந்தத் தோழனுக்கு ஆறு முகப் பகடை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். அவன் இருபது முகப் பகடையை உருட்டி எண் பத்தாமல் போனால், இதையும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். தவறிப்போக இருந்த வெட்டு விழும். பேர் வாள்வீரனுக்கு. விழ வைத்தவன் பாணன்.

அதோடு முடியவில்லை. அடிபட்டவனை ஒரு சொல்லால் எழுப்புவான். எதிரியை வசைபாடியே நிலைகுலைய வைப்பான். காவல்காரனிடம் பேசிக் கதவைத் திறக்க வைப்பான். சண்டையே வேண்டாம் என்று பேசி முடிப்பதும் பெரும்பாலும் அவன்தான். எல்லா வித்தையிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவன். குறையும் உண்டு. கவசம் மெலிசு, அடியும் பலமில்லை. தனியாக மாட்டினால் கஷ்டம்தான். ஆனால் கூட நாலு பேர் இருந்தால் அந்த நாலு பேரும் கெட்டிக்காரர்கள் ஆகிவிடுவார்கள். இதுவா இளப்பம்?

“விளையாட்டுல சரி, நெசத்துல நடக்குமா?” என்பீர்கள். நீங்கள் படித்த பாடத்தைத்தான் சொல்கிறேன். அதியமான் தொண்டைமானிடம் தூது அனுப்பியது தளபதியை அல்ல, ஔவையாரை. அந்த அம்மா தொண்டைமானின் பளபளக்கும் ஆயுதங்களைப் புகழ்வது போலப் புகழ்ந்து, எங்கள் ஆயுதம் போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டார். உறையூரில் நெடுங்கிள்ளி, இளந்தத்தனை ஒற்றன் என்று கொல்லப் போனபோது காப்பாற்றியது கோவூர்கிழாரின் பேச்சு. யானைக்காலில் இடப்பட இருந்த மலையமான் பிள்ளைகளுக்காகக் கிள்ளிவளவனிடம் வாதாடியவரும் அவர்தான். புலவர் வேறு, பாணர் வேறு என்று தமிழய்யாக்கள் சண்டைக்கு வருவீர்கள். சரி, வேறுதான். இரண்டு பேர் கையிலும் வாள் இல்லை, அவ்வளவுதான் என் வாதம்.

சங்ககாலம் தூரம் என்றால், நம் பண்ணைப்புரம் பக்கம்தானே? பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு மேடையேறி, கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். போடிமெட்டு ஏறினால் அந்தப் பக்கம்தான். தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்ச் சனம். கேரளத்தில் இ.எம்.எஸ். ஆட்சி, பெரும்பான்மையோ மெலிசு. ஒவ்வொரு இடமும் உயிர் மாதிரி. பாவலர் அந்த மலையில் பாடினார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். சட்டசபைக்குப் போனது வேறு ஒருவர், பாடியவர் திரும்பி ஊருக்கு வந்தார். அந்த அண்ணன் பின்னால் பாடிப் பழகிய தம்பிதான் இளையராஜா. அவர்கள் வீட்டிலும் யாராவது “பாட்டு என்னத்துக்கு?” என்று சிரித்து அடக்கியிருந்தால்?

இதில் எனக்கும் பங்குண்டு. ஆண்டுவிழா நாடகத்தில் உயரமான பையனுக்கு ராஜா வேஷம் கொடுப்பேன். பாட வருகிறவனைத் திரைக்குப் பின்னால் நிற்க வைப்பேன். ஒருத்தனிடம், “பாட்டு சோறு போடாதுடா, கணக்கைப் போடு” என்று வகுப்பு முன்னாலேயே சொன்னேன். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் பாடியதே இல்லை. மொட்டைமாடியில் பேரன் முகம் சுண்டியபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் தெரிந்தது. தம்பி, இதை நீ வாசித்தால், டீச்சர் அன்றைக்குச் சொன்னது தப்பு.

தீபாவளிக்குப் பிள்ளைகள் மறுபடியும் வருகிறார்கள். பாணன் வேஷத்தையே எடுக்கச் சொல்லி அம்மாச்சி சொல்லியாகிவிட்டது. சிரித்தவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முழங்கால் வலியைப் பார்க்காமல் மாடிக்கு ஏறி வாருங்கள். வாளோடு ஒரு ஆட்டம் உட்காருங்கள். உங்கள் பகடையில் எண் பத்தாமல் போய், அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும்போது தெரியும், யார் பலசாலி என்று.