புள்ளலூரில் இன்னொரு கல் வேண்டும்

கார்வேட்டிநகரத்தின் அருகே ஓடும் குசா ஆறு, லவா ஆற்றோடு கூடிக் கொசஸ்தலையாறாகிறது. 1780 ஆகஸ்டு இறுதியில் அவ்வாறு பெருக்கெடுத்தது. குண்டூரிலிருந்து காஞ்சியை நோக்கி வந்த கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை, அதைக் கடக்க முடியாமல் ஒரு வாரத்துக்கு மேல் கரையில் கிடந்தது. தாமதம் வினையாயிற்று. செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில், ஹைதர் அலியும் திப்புவும் அப்படையை அடியோடு அழித்தனர்.

நண்பர்களே, விஞ்ஞான மாணவர்களாகிய நாம் அப்போரை நினைத்தால் எதை நினைக்கிறோம்? மைசூர் வாணங்களை! இரும்புக் குழாய் அழுத்தத்தைத் தாங்கியது. மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. வாணம் நெடுந்தூரம் பாய்ந்தது. அதைப் பார்த்தே பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் தம் வாணத்தை அமைத்தார். இன்று நம் திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் எழும்போது அந்தப் பெருமை நம் நெஞ்சில் எழுகிறது. எழட்டும், தவறில்லை.

ஆனால் அந்தக் களத்தில் மாண்டவர் யார்? பெய்லியிடம் இருந்த ஏறத்தாழ 3,800 பேரில் பெரும்பாலோர் சிப்பாய்கள். இந்நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகள். எதிரே நின்று மடிந்தவரும் இந்நாட்டாரே. வென்றவர்க்கு ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகையில் சுவரோவியம் உண்டு. புள்ளலூரில் ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு நினைவுத் தூண்கள் உண்டு. சிப்பாய்க்கு என்ன உண்டு?

இது புதிதும் அன்று. ஏழாம் நூற்றாண்டில் இதே ஊரில் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. மன்னன் பெயர் உண்டு. மடிந்தவன் பெயர் இல்லை.

“கம்பெனியின் கூலிக்குச் சண்டையிட்டவனுக்குக் கல்லா?” என்று கேட்கலாம். கூலிக்குப் போனவன் பசிக்குப் போனவன். கம்பெனியின் பேராசைக்கு அவன் பொறுப்பாளி அல்லன். அவன் தாயின் கண்ணீருக்கு மட்டும் கட்சி உண்டோ?

ஆநிரை மீட்டு மாண்ட சாதாரண வீரனுக்கும் பெயரும் ஊரும் பொறித்து நடுகல் நாட்டிய இனம் நாம். செங்கத்து நடுகற்கள் இன்றும் அதற்குச் சான்று. புள்ளலூர்ச் சிப்பாய்களின் பெயர்கள் நமக்குக் கிட்டாமற் போகலாம். பெயரில்லாவிட்டாலும், இருதரப்பு வீரர்க்கும் பொதுவாக ஒரு கல் நாட்டலாமே! சங்கத்தின் அடுத்த காஞ்சிச் சுற்றுலாவில் கோயில்களோடு புள்ளலூரையும் சேர்த்துக்கொள்வோம். தூண்களைப் பார்த்துத் திரும்பாமல், கல் இல்லாத இடத்திலும் சற்று நின்று வருவோம்.